சிவப்பு மருந்தும் சாயக்காரர் தானியேலும்

தானியேலிடம் ஒரு தோலைக் காட்டி 'பிரவுன்' என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. "இன்னா பிரவுனு? காப்பித்தூள் பிரவுனா, புளி பிரவுனா, வெல்லப்பாகு பிரவுனா?" என்று வழியை மறித்து நின்றுகொள்வார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோலைப் போட்டுச் சாயம் ஏற்றுகிற டிரம்முக்கு அவர்தான் பொறுப்பு. மீசை முளைத்த புதிதில் உள்ளே போனவர், ஐம்பதைத் தாண்டியும் அதே டிரம்மைச் சுற்றிக்கொண்டிருந்தார். முதலாளியின் மருமகன் ஆபித் பாஷா, நிறத்தை அளக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவந்து வைத்தார். மெஷின் சொன்னதும் தானியேல் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாமல், கடைசியில் மெஷின்தான் சரி என்று தெரிந்துவிட்ட நாட்களில் அவர் மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். அவ்வளவு ரோஷக்காரர்.

அந்த ரோஷத்தைச் சூடுபண்ணி ராத்திரிச் சாப்பாடாகப் போடுவது அவர் மனைவி ஹெலனின் வேலை. ஹெலனும் தோலில்தான் பிழைத்தாள். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பிரிவு. குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் பேசிப் பேசி ஓய்ந்தே பல வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் இரண்டு பேர்தான் என்று ஆகிவிட்டபிறகு, மற்ற வீடுகளில் பிள்ளைகளிடம் காட்டுகிற செல்லத்தையும் சண்டையையும் இவர்கள் ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொண்டார்கள்.

ஹெலன் ஒரு புடவைக்கு ஜாக்கெட் துணி எடுக்க ஆற்காட்டுக்குக் கிளம்பினால் இவரும் செருப்பை மாட்டிக்கொள்வார். கடைக்காரர் டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துக் காட்டும் துணியை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சேராது" என்பார். கடைக்காரர்கள் இவர் தலையைக் கண்டாலே பேஜாராகிவிடுவார்கள். ஹெலனுக்கு அவமானமாக இருக்கும். ஒரு தடவை வீம்புக்கு அவர் வேண்டாமென்ற துணியையே எடுத்தாள். வீட்டுக்கு வந்து புடவையோடு வைத்துப் பார்த்தபோது, அவர் சொன்னபடி அது சேரவே இல்லை. அதோடு விட்டாள். அரிசி, உப்பு, சொந்தக்காரர்கள், சர்ச் பாஸ்டர் என்று எதைப் பற்றியும் அவரோடு மல்லுக்கு நிற்பாள். நிறம் என்று வந்தால் மட்டும் அவர் சொல்வதுதான். அந்த ஒரு விஷயத்தில் அவள் தன் கண்ணை நம்புவதையே நிறுத்திவிட்டாள் என்றுகூடச் சொல்லலாம்.

போன வருஷம் தானியேலின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது, பிறகு எலுமிச்சை ஆனது. வலி இல்லை, அதனால் அவர் கவலைப்படவில்லை. ஹெலன்தான் அவரை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்து, நிணநீர்ச் சுரப்பியில் வருகிற புற்றுநோய் என்றார்கள். டாக்டர் நவீன்குமார் சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசுபவர். "இது மருந்துக்குக் கேக்கற வகை. நல்லாவே கேக்கும்" என்றார். ஹெலன் அந்த 'நல்லாவே' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது தானியேலும் அதையேதான் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மருந்து ஏற்றுகிற அன்று வரிசையாகப் பல மருந்துகள் ஏறின. எல்லாம் தண்ணீர் நிறம். தானியேல் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நர்ஸ் ஷர்மிளா கடைசியில் பெரிய சிரிஞ்சில் ஒரு சிவப்பு மருந்தைக் கொண்டுவந்ததும் மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர், கொஞ்சம் ஜன்னல் பக்கம் காட்டுங்க. இன்னா செகப்பு இது. ஆரஞ்சு லேசா கலந்திருக்குது. எந்த கம்பெனி சாயம்?"

ஷர்மிளா சிரித்துவிட்டாள். "சாயம் இல்லண்ணா, மருந்து. மண்ணுல இருக்கற ஒரு கிருமி உண்டாக்கற நிறமாம். அதிலருந்து எடுத்தது."

"அப்போ சாயம்தான்" என்று தானியேல் திருப்தியோடு படுத்துக்கொண்டார்.

ஷர்மிளா போகும்முன் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னாள். இரண்டு பேரையும் பார்த்துத்தான் சொன்னாள். "ஒரு நாள், ரெண்டு நாள் ஒண்ணுக்கு செகப்பா போவும். மருந்தோட கலர் அது, பயப்படாதீங்க. அப்புறம் தெளிஞ்சிடணும். தெளியாம கறுப்பா போச்சுன்னாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூச்சு வாங்குனாலோ, கண்ணு மஞ்சளா தெரிஞ்சாலோ உடனே போன் பண்ணுங்க. எந்த நேரம்னு பாக்காதீங்க." ஹெலன் தலையாட்டினாள். தானியேலும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்த தானியேல் செய்த காரியத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலி ஜாம் பாட்டில்களைத் தேடி எடுத்துக் கழுவினார். ஒவ்வொரு தடவையும் போவதைப் பாட்டிலில் பிடித்து, மூடி போட்டு, பின்பக்கச் சுவரின் மேல் வெயிலில் வரிசையாக வைத்தார். ஹெலன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க அசிங்கம் இது. பக்கத்து வீட்ல பாத்தா இன்னா நினைப்பாங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. டிரம்முல சாயம் ஏத்துனப்புறம் இன்னா பண்ணுவோம்? ஆசிட் ஊத்துவோம். தோல்ல ஒட்ட வேண்டியது ஒட்டிக்கும். ஒட்டாத மிச்சம் கழுவுற தண்ணியில வெளிய வரும். மொத தண்ணி செகப்பு, அடுத்தது ரோஸு, அப்புறம் பச்சத்தண்ணி. தெளிஞ்சிடுச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். கட்டில ஒட்ட வேண்டியது ஒட்டிடுச்சு, ஹெலனு. மிச்சம் போவுது."

அவர் சொன்னபடிதான் நடந்தது. முதல் பாட்டில் நல்ல சிவப்பு, அடுத்தடுத்தவை வெளுத்துக்கொண்டே வந்தன. மறுநாள் சாயங்காலம் கடைசிப் பாட்டில் வெறும் வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஆபித் பாஷாவுக்குப் போன் போட்டு, ஏதோ பெரிய ஆர்டரை முடித்துக் கொடுத்ததுபோல, "தெளிஞ்சிடுச்சு பாய்" என்றார். அதைவிடப் பெரிய சந்தோஷம் கழுத்தில் இருந்தது. கட்டி இளகிவிட்டது. ஹெலனின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து, "பாரு, அமுங்குது. நேத்து அமுங்கல" என்றார். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். எத்தனையோ மாதத்துக்குப்பின் வந்த நல்ல அழுகை அது.

அடுத்த நாள் காலையில் சுவரின் மேல் புதிதாக ஒரு பாட்டில் இருந்தது. பால் சேர்க்காத டீ டிகாக்ஷன் மாதிரி கறுத்திருந்தது. துணி காயப்போட வந்த ஹெலனின் கண்ணில் அதுதான் முதலில் பட்டது.

"ஏங்க, இது இன்னா இப்படி இருக்குது? நேத்து தெளிஞ்சுதுன்னீங்களே."

தானியேல் அந்தப் பாட்டிலை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார். அவர் முதுகு அவள் பக்கம் இருந்தது. வழக்கமாக ஒரு நொடி பார்த்துச் சொல்லிவிடுகிறவர், அன்று வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, "டிரம்மு அடியில தங்கினது இருக்குதில்ல, அது கடைசில இப்படித்தான் கறுத்து வரும். இதோட சரி. நீ கம்பெனிக்குப் போ, லீவு போட்டது போதும்" என்றார்.

கழுவக் கழுவக் குறையத்தானே வேண்டும், இது கூடுகிறதே என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் இது நிற விஷயம். ஆற்காட்டு ஜாக்கெட் துணி ஞாபகத்துக்கு வந்ததோ என்னவோ, அவள் வாயை மூடிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். அன்று சாயங்காலம் வந்து பார்த்தபோது சுவரின் மேல் ஒரு பாட்டிலும் இல்லை. "எல்லாம் தெளிஞ்சிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன். நீதானே அசிங்கம்னே" என்றார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அவர் சோர்ந்து படுத்திருந்ததை மருந்தின் அசதி என்று நினைத்தாள். அசதி இருக்கும் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்களே.

மறுநாளும் வேலைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபித் பாஷா போன் பண்ணினார். தானியேல் போனை எடுக்கவில்லை, எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"தூங்குவாரு பாய். நல்லாத்தான் இருக்காரு. நடுவுல ஒரு தடவை மட்டும் கறுப்பா வந்துச்சு, நான் பயந்துட்டேன். டிரம்மு அடியில தங்கினது கடைசில அப்படித்தான் வரும்னு சொன்னாரு. அதே மாதிரி தெளிஞ்சிடுச்சாம்" என்று ஹெலன் சிரித்தபடி சொன்னாள்.



"அப்படி வராதும்மா" என்றார் ஆபித் பாஷா. "ஒரு தடவை தெளிஞ்ச தண்ணி திரும்பக் கறுக்காது. கறுத்துச்சுன்னா டிரம்மை நிறுத்திட்டு உள்ள பாப்போம். தோலுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். இது தானியேல் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அவன் எப்படி உன்கிட்ட இப்படிச் சொன்னான்?"

ஹெலன் டப்பாவை மூடக்கூட இல்லை. சூப்பர்வைசரிடம் சொன்னாளா இல்லையா என்பதும் அவளுக்கு நினைவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது தானியேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் மஞ்சள். உதட்டில் நிறமே இல்லை. இருந்த கொஞ்ச நிறமும் ஒரு மாதிரி நீலமாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய் வந்ததற்கே ஓடிவந்தவர்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்ததை அவள் பார்த்தாள். தெளியவே இல்லை. அப்படியே கறுப்பாக இருந்தது. அதே ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போனாள். வழி முழுக்க, "நான் கேட்டிருக்கணும், நான் கேட்டிருக்கணும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தபோது அது சிவப்பாக வரவில்லை. சாக்லெட் நிறத்தில் வந்தது. தானியேல் அந்த நிலையிலும் தலையைத் திருப்பி அந்தக் குழாயைப் பார்த்தார்.

டாக்டர் நவீன்குமார் வந்து பார்த்து, உடனே ரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் நின்று ஹெலனுக்கு விளக்கினார். அவள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள், அதனால் மறக்கவில்லை. அந்தச் சிவப்பு மருந்து உடம்பில் போகிற இடத்தில் ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் தலையில் கட்டிவிட்டு, மறுபடி இன்னொன்றை வாங்கக் கிளம்பும். எலக்ட்ரான்கள் ஜோடியாக இருந்தால் சாது. ஜோடி இல்லாத ஒன்று வந்து சேர்ந்தால் அந்த ஆக்சிஜன் சும்மா இருக்காது, கையில் கிடைத்ததையெல்லாம் பிறாண்டும். அதற்குத்தான் ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். கட்டிக்குள் அது நடந்தால் நல்லதே. கட்டியைக் கொல்வதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் மருந்து ரத்தத்தின் சிவப்பணுவுக்குள்ளும் நுழைகிறது. அங்கே ஆக்சிஜனுக்கும் இரும்புக்கும் குறைவே இல்லை, ரகளைக்கு எல்லாம் தயாராக இருக்கிறது. இரும்பு கெட்டுப்போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது, நிறம் மாறிவிடும். சிவப்பணுவின் மேல்தோல் கிழிந்தால் உள்ளே இருப்பது கொட்டி, சிறுநீரகத்தில் போய் அடைத்து, கறுப்பாக வெளியே வரும்.

"அப்படின்னா எல்லாருக்கும் இப்படி ஆவணுமே சார்" என்றாள் ஹெலன்.

"ஆவாதும்மா. நமக்கெல்லாம் அந்தச் சிவப்பணுவுக்குள்ள காவலுக்கு ஒரு நொதி இருக்குது. ரகளை பண்றதை அடக்கி வைக்கற சரக்கை அது தயார் பண்ணிட்டே இருக்கும். இவருக்கு அது பிறவியிலயே கம்மியா இருக்கணும், டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன். சிவப்பணுவால புதுசா எதையும் செஞ்சுக்க முடியாது, இருக்கறதை வெச்சுத்தான் ஓட்டணும். இந்த மருந்துல இந்த அளவுக்குப் போறது ரொம்ப அபூர்வம்." பிறகு தானியேலைப் பார்த்துக் கேட்டார். "சின்ன வயசுல ஏதாவது மாத்திரை சாப்பிட்டு இப்படி மஞ்சளாச்சாண்ணா?"

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது மலேரியா மாத்திரை போட்டாங்க சார். ஒரு வாரம் படுத்துட்டேன். எங்கம்மா கண் பட்டுச்சுன்னு ஜெபம் பண்ணாங்க. சரியாயிடுச்சு."

ஹெலனுக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருஷம் கூட இருந்தும் அவளுக்கு அது தெரியாது.

"சரி. கறுப்பா போக ஆரம்பிச்சது எப்போ?" என்றார் டாக்டர்.

ஹெலன் முந்திக்கொண்டாள். "நேத்து காலையில சார். அவருக்குத் தெரியல. சாயம் போடற ஆளு, மருந்தோட கலருன்னு நினைச்சிட்டாரு. நானும் விட்டுட்டேன். என் தப்புதான் சார்."

"இல்ல சார்" என்றார் தானியேல். குரல் மெதுவாகத்தான் வந்தது. "எனக்குத் தெரியும். பாட்டில்ல பாத்தப்பவே தெரியும். தெளிஞ்சப்புறம் கறுத்தா அது சாயம் இல்ல."

ஹெலன் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்க, ஹெலனு" என்றார் அவர். "கட்டி கரைஞ்சிட்டு வந்துச்சு. நீயே தொட்டுப் பாத்தே, அழுதே. இன்னும் கொஞ்சம் கரையட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு பாத்தேன்."

சொல்லலாமா வேண்டாமா என்று டாக்டர் யோசித்திருப்பார். "இந்த மருந்தை நிறுத்தித்தான் இருப்போம்ண்ணா. ஆனா வேற மருந்து இருக்குது. இது ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததைக் குடுத்திருப்போம்" என்று சொல்லிவிட்டு, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஹெலனுக்கு வந்த கோபம் இன்ன மாதிரி என்று சொல்ல முடியாது. அவர் பயந்தது அவளுக்குப் புரிந்தது. அந்த 'நல்லாவே'யை அவளும்தானே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். சாகப் பயந்தவர்மேல் கோபப்பட அவள் யார்? ஆனால் எதை வைத்து அவளை ஏமாற்றினார் பாருங்கள். தன் கண்ணைக்கூட நம்பாமல் அவர் கண்ணை நம்பியவளிடம், அதே நிறத்தை வைத்துப் பொய் சொன்னார். அரிசியில் சொல்லியிருந்தால் பிடித்திருப்பாள். காசில் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். அவள் எதிர்த்துப் பேசாத ஒரே இடம் எது என்று தெரிந்து, அங்கே வந்து ஒளிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வராந்தாவுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டில் சண்டை என்றால் சத்தம் கிடையாது. ஹெலன் பேச்சை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான். தானியேல் ஒரு வேளை தாங்குவார், இரண்டு வேளை தாங்குவார். பிறகு அவரே வந்து, கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருக்கும் துண்டை எங்கே என்று கேட்பார். அவள் எடுத்து அவர்மேல் வீசுவாள். அத்தோடு சண்டை முடிந்தது. முதலில் பேசுவது எப்போதும் அவர்தான். ஒரு தடவைகூட அவள் இறங்கி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆபித் பாஷா பழம் வாங்கிக்கொண்டு வந்து, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "தானியேல் உன்னைக் கேக்கறான்மா" என்றார்.

"இன்னா கேக்கணும்னாலும் என்கிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க பாய். ஆள் விட வேணாம்" என்றாள். ஆபித் பாஷா நின்று பார்த்துவிட்டு, பழத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

கூப்பிடுவார் என்றுதான் அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எங்கே என்று கேட்டால்கூடப் போதும், எழுந்து போய்விடுவாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று இருந்தாள். வெயில் இறங்கியது. உள்ளேயிருந்து ஷர்மிளா வேகமாக வெளியே வந்தாள். அவள் பின்னால் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிறுநீரகம் நின்றுவிட்டது, மூச்சும் திணறுகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தது. கட்டில் அவளைக் கடந்து போகும்போது அவர் கண் மூடியிருந்தது.

மறுநாள் காலையில்தான் அவளை உள்ளே விட்டார்கள். வாயில் குழாய் செருகியிருந்தது. கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஷர்மிளா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, "மயக்கத்துல இருக்காருக்கா. பேசுங்க, சில பேருக்குக் காது கேக்கும்" என்றாள்.

ஹெலன் குனிந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கட்டி இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை.

"நான் உன்மேல கோவமாத்தான் இருக்கேன்" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை அவள் 'நீ' என்று சொன்னதில்லை. "கோவம் போவல. நீ எழுந்து வா, உன்னை நல்லா திட்டணும். நானே பேசறேன் பாரு. நான்தான் மொதல்ல பேசறேன்."

இன்னும் ஏதேதோ பேசினாள். நேரம் முடிந்துவிட்டது என்று ஷர்மிளா கையைப் பிடித்து அழைத்துப் போகும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். மத்தியானம், தானியேல் போய்விட்டதைச் சொல்ல டாக்டர் நவீன்குமார் வெளியே வந்து அவளைத் தேடினார்.